பால், பாண், பந்தடி ரிக்கெற்

1999 கார்த்திகை மாதம் லண்டனில் வந்து இறங்கினேன். மூன்றாம் நாளே மாமாவின் கடையில் நிற்கத் தொடங்கிவிட்டேன். கிழக்கு லண்டன், பார்கிங் ரோட். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் கிரீன் ஸ்ட்ரீட் சந்தியில் பொலின் என்ற பழைய மதுக்கடை தெரியும். அதற்குப் பின்னால் வெஸ்ட் ஹாம் உதைபந்தாட்ட அணியின் பொலின் மைதானம். 1904 இலிருந்து அங்கேதான் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் குருநகர்ப் பக்கம் பந்தடி பார்த்து வளர்ந்தவன் நான். எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் தள்ளிச் சனம் நிற்கும். கோனர் அடிக்கப் போகிறவன் "அண்ணை, கொஞ்சம் விலகுங்கோ" என்று கேட்டுத்தான் பந்தை வைப்பான். பெரிய இறுதியாட்டம் என்றால் சுற்றிவரத் தகரம் அடித்து ரிக்கெற் போடுவார்கள். காசில்லாத பெடியளுக்கு இடைவேளைக்குப் பிறகு கதவைத் திறந்துவிடுவார்கள். உதைபந்தாட்டம் என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தவன், முதல் சனிக்கிழமை மத்தியானம் கடை வாசலில் பொலிஸ் குதிரைகளைக் கண்டு பயந்துபோனேன். மாமா சொன்னார்: "தம்பி, இண்டைக்கு மச். மிட்டாயும் சிகரெற்றும் நிரப்பி வை. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கல்லாவை வெறுமையாக்கு."

பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். அப்டன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சேலைக்கடைகளையும் நகைக்கடைகளையும் தாண்டிக் கிரீன் ஸ்ட்ரீட் முழுக்க நிரப்பிக்கொண்டு வருவார்கள். இரண்டே முக்காலுக்குக் கடையில் மூச்சுவிட இடமிருக்காது. மூன்று மணிக்குத் தெருவே வெறிச்சோடும். அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேலை, காது கொடுத்துக்கொண்டிருப்பது. வெஸ்ட் ஹாம் கோல் போட்டால் வருகிற முழக்கம் ஒரு மாதிரி, பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால் இன்னொரு மாதிரி, எதிரணி போட்டால் தூரத்து மூலையிலிருந்து மட்டும் ஒரு சின்னச் சத்தம். ஒரு வருடத்தில் எனக்கு அதெல்லாம் பிடிபட்டுவிட்டது. இந்த நாட்டில் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி ஆட்டங்களை ரீவியில் நேரடியாகக் காட்ட முடியாது. இரண்டே முக்காலிலிருந்து ஐந்தேகால் வரை தடை. 1960களில், சனம் மைதானத்துக்கு வராமல் வீட்டில் இருந்துவிடும் என்ற பயத்தில் வந்த ஏற்பாடு அது. அதனால் உள்ளே போகாதவனுக்கு ரேடியோதான். பிறகு டிஜிட்டல் ரேடியோ வந்த காலத்தில், முழக்கம் முந்தி வரும், யார் போட்டது என்று ரேடியோ பிந்திச் சொல்லும்.

ரிக்கெற் விலையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டுக் கடைக்கதை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். விலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் நின்று கற்றதுதான்.

அந்த நாட்களில் கடைக்கு வந்தவர்களில் தாத்தாவும் பேரனுமாக வந்தவர்கள் ஏராளம். சில வேளை மூன்று தலைமுறையும் ஒன்றாக வரும். தாத்தாவுக்குக் காரமான மிண்ட், அப்பாவுக்கு சிகரெற், பொடியனுக்குப் பத்துப் பென்ஸ் மிட்டாய்ப் பை. அந்த மிட்டாய்ப் பையில் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. எண்ணிப் போடுகிற நேரத்துக்குக்கூட காணாது. ஒருநாள் நான் அதைப் பதினைந்து பென்ஸ் ஆக்குவோமா என்று கேட்டேன். மாமா முகம் மாறிவிட்டது.

"தம்பி, பாலிலையும் பாணிலையும் மிட்டாயிலையும் லாபம் பார்க்காத. பாலுக்கும் பாணுக்கும்தான் சனம் கடைக்குள்ள கால் வைக்குது. இண்டைக்கு மிட்டாய் வாங்குற பொடியன்தான் இருபது வருசத்தில பேப்பரும் பியரும் வாங்க வருவான்."

இருபது வருடம் ஆவதற்குள்ளேயே அது அப்படியே நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மிட்டாய்ப் பையோடு வந்த பொடியன்கள் தங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆனால் வருடத்துக்கு வருடம் தோளில் பிள்ளையோடு வருகிறவர்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். ஆட்களின் தொகை குறையவில்லை. மைதானம் நிறைந்துதான் இருந்தது. வந்தவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். ஐம்பது வயதுக்காரர்கள் தனியாக வந்தார்கள். கழுத்தில் புதுச் சால்வையோடு, வழி கேட்டுக்கொண்டு வெளிநாட்டுக்காரர் வந்தார்கள்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். எண்பது தாண்டியவர், துறைமுகத்தில் வேலை செய்தவரின் மகன். அவர் சின்ன வயதில் ரிக்கெற் என்று ஒன்றை முன்கூட்டியே வாங்கியதே இல்லை என்பார். வாசலில் சில்லறையைக் கொடுத்தால் சுழல்கதவு திரும்பும். தகப்பன்மார் பிள்ளைகளைச் சுழல்கதவுக்கு மேலால் தூக்கி உள்ளே விடுவார்கள், வாசல்காரர் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தக் காலம் முடிந்ததற்கு ஒரு பெரிய துக்கம் காரணம். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகு நீதிபதி டெய்லர் அறிக்கை கொடுத்தார், பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று. அது சரிதான். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு விடயமும் இருந்தது. நின்று பார்க்கிறவர்களின் பைக்கு ஏற்ற விலையில் இருக்கைகளைக் கொடுக்க முடியும் என்று அவர் எழுதினார். உதாரணத்துக்குக் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தைக் காட்டினார்: அங்கே இருக்கை 6 பவுண்ட்ஸ், நிற்க 4 பவுண்ட்ஸ். இருக்கை போடச் சொன்ன பக்கத்தை எல்லோரும் நிறைவேற்றினார்கள். விலையைப் பற்றிய பக்கத்தை மறந்துவிட்டார்கள். அந்த மறதிதான் இன்றைய பிரச்சினையின் ஆணிவேர் என்று நான் நினைக்கிறேன்.

லிவர்பூலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989-90 அளவில் அங்கே 4 பவுண்ட்ஸோடு உள்ளே போகலாம். 2016 மாசியில், புதிதாகக் கட்டிய பிரதான பார்வையாளர் பகுதியின் சில இருக்கைகளுக்கு 77 பவுண்ட்ஸ் என்று அறிவித்தார்கள். அந்தச் சனிக்கிழமை, பெப்ரவரி 6, சன்டர்லாண்டோடு ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது. 77ஆவது நிமிடம் வந்ததும் சனம் எழுந்து நடந்தது. ஏறக்குறைய 10,000 பேர். வெல்கிற ஆட்டத்தை விட்டுவிட்டு! பிறகு சன்டர்லாண்ட் இரண்டு கோல் போட்டு ஆட்டம் 2-2 என்று முடிந்தது. கடையில் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான்கு நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்த விலையைக் கைவிட்டார்கள்.

அதே கிழமை ஜெர்மனியிலும் ஒரு விடயம் நடந்தது. ஸ்டுட்கார்ட்டில் நடந்த கிண்ண ஆட்டத்துக்குப் போன டோர்ட்முண்ட் ரசிகர்கள், விலை கூடிப்போனதென்று முதல் இருபது நிமிடம் உள்ளே வரவே இல்லை. வந்த பிறகு டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்தார்கள். டோர்ட்முண்ட் தன் சொந்த மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் இன்றைக்கும் ஏறக்குறைய 25,000 பேரை நின்று பார்க்க விடுகிறது, குறைந்த விலையில். அந்தப் பக்கத்தின் மஞ்சள் சுவரைப் பார்க்கத்தான் உலகம் முழுக்க ரீவிக்கு முன்னால் உட்காருகிறது. அங்கே நிற்கிறவர்கள் தரும் காசு சிறியது. அவர்களால் அந்தக் கழகத்துக்கு வரும் பேர் பெரியது. மாமாவின் பாலும் பாணும் அதுதான்.

இங்கிலாந்தில், தங்கள் அணியோடு பயணம் போகிற வெளியூர் ரசிகர்களும் ஒரு வெற்றி கண்டார்கள். 2013 ஜனவரியில் ஆர்சனல் மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்கு மான்செஸ்டர் சிற்றி ரசிகர்களுக்கு 62 பவுண்ட்ஸ் விலை போட்டார்கள். 3,000 ரிக்கெற்றில் 912 விற்காமல் திரும்பிப் போனது. அப்போது சிற்றி நடப்புச் சாம்பியன். அவர்கள் ஒதுக்கீட்டிலேயே அவ்வளவு மிஞ்சியதை எல்லோரும் பேசினார்கள். வெளியூர்ப் பக்கம் காலியாக இருந்தால் மைதானத்தில் சத்தமே பாதியாகிவிடும். எதிரில் கத்த ஆள் இல்லாமல் யார் கத்துவார்கள்? அதைக் கழகங்களும் ஒருவழியாக உணர்ந்தன. 2016-17 பருவத்திலிருந்து, இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகருக்கு உச்சவிலை 30 பவுண்ட்ஸ் என்று வைத்தார்கள். அந்தப் பருவத்திலிருந்துதான் உள்நாட்டு ரீவி உரிமை மட்டும் மூன்று வருடத்துக்கு 5.1 பில்லியன் பவுண்ட்ஸுக்கு மேல் போனது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவ்வளவு காசு வருகிற இடத்தில் ஒரு பொடியனின் ரிக்கெற்றில் பத்துப் பவுண்ட்ஸ் கூட்டி என்ன காணப்போகிறார்கள்?

சரி, எங்கள் தெருவுக்கு வருகிறேன்.

2016 மே 10, செவ்வாய்க்கிழமை இரவு. பொலின் மைதானத்தின் கடைசி ஆட்டம், மான்செஸ்டர் யுனைட்டெட்டோடு. தெருவில் அவ்வளவு சனத்தை அதற்கு முன்னும் நான் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. ரிக்கெற் இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். யுனைட்டெட்டின் பஸ் கூட்டத்துக்குள் மாட்டி, போத்தல் எறி விழுந்து, ஆட்டம் முக்கால் மணி பிந்தித் தொடங்கியது. வெஸ்ட் ஹாம் 3-2 என்று வென்றது. மூன்றாவது கோலின் முழக்கத்தில் எங்கள் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. பதினேழு வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டவன். அன்றைக்கு இரவு கடையைப் பூட்டும்போது அழுதுவிட்டேன்.

அடுத்த பருவம் அவர்கள் ஸ்ட்ராட்போர்டுக்கு, 2012 ஒலிம்பிக் அரங்குக்குப் போனார்கள். பழைய இடத்தில் சுமார் 35,000 பேர், புது இடத்தில் ஏறக்குறைய 60,000. அவ்வளவையும் நிரப்ப விலையைக் குறைத்தார்கள்: வளர்ந்தவர்களுக்கு மிகக் குறைந்த சீசன் ரிக்கெற் 289 பவுண்ட்ஸ், பிள்ளைகளுக்கு 99. நான் கல்லாவில் நின்றபடியே கணக்குப் போட்டேன். சீசன் ரிக்கெற் என்றால் ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் நடக்கும் லீக் ஆட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. 19 ஆட்டம். எனக்கு ஆட்டத்துக்குப் பதினைந்து பவுண்ட்ஸ் சொச்சம், மகளுக்கு ஐந்து சொச்சம். பதினேழு வருடம் மைதானத்தின் வாசலில் இருந்துவிட்டு இரண்டு தரம் மட்டுமே உள்ளே போனவன், மைதானம் தூரப் போன பிறகு சீசன் ரிக்கெற் எடுத்தேன். மகளுக்கு அப்போது பத்து வயது. மேல்தட்டில், கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்தோம். ஓட்டப்பாதை இருந்த அரங்கு என்பதால் பந்து கொஞ்சம் தூரம்தான். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. முதல் ஆட்டத்திலேயே முன்வரிசை ஆட்களோடு சேர்ந்து கத்தத் தொடங்கிவிட்டாள். விலை அவளை உள்ளே கொண்டுவந்தது. இதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் அங்கே இன்னொன்றையும் பார்த்தேன். ஆட்டம் நடக்கும்போது பெரிய திரையில் வருகைத் தொகை போடுவார்கள். 56,000, 57,000 என்று வரும். எங்கள் பக்கத்தில் வரிசைக்கு நான்கு இருக்கை காலியாக இருக்கும். மகள் கேட்பாள், "அப்பா, இவ்வளவு பேர் எங்க இருக்கினம்?"

பதில் 2018 இல் வந்தது. பிபிசி தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, வாசலில் உண்மையில் எண்ணப்பட்ட தொகையை வெளியிட்டது. அறிவித்த சராசரி 55,000க்கு மேல். அந்தப் பகுதி உள்ளூராட்சியான நியூஹாம் கவுன்சிலிடம் இருந்த கணக்கு 43,000க்கும் கீழ். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் வித்தியாசம். இதில் மறைவு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் கழகங்கள் சொல்லுகிற வருகைத் தொகை பெரும்பாலும் விற்ற ரிக்கெற்றின் தொகை, உள்ளே வந்த ஆட்களின் தொகை இல்லை. சீசன் ரிக்கெற் எடுத்தவர் வீட்டில் படுத்திருந்தாலும் அவர் வந்ததாகத்தான் கணக்கு. கடையில் நிற்க ஆள் கிடைக்காத நாட்களில் எங்கள் இரண்டு அட்டையும் லாச்சியில்தான் கிடந்தன. அந்த 57,000 க்குள் நாங்களும் இருந்தோம்.

அதனால் விலையைக் குறைத்தால் மைதானம் தானாக நிறையும் என்று நான் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கிய மலிவு ரிக்கெற்றை, மழை பெய்கிற புதன்கிழமை இரவு விட்டுவிடுவது சுலபம். தூரமும் ஒரு காரணம், அணி எப்படி ஆடுகிறது என்பதும் ஒரு காரணம். ஆனாலும் பிராட்போர்டைப் பாருங்கள். வட இங்கிலாந்தில் கம்பளி ஆலைகள் மூடிப்போன ஊர். 2015-16 இல் மூன்றாம் நிலை லீக்கில் இருந்தபோது சீசன் ரிக்கெற்றை 149 பவுண்ட்ஸுக்குக் கொடுத்து, ஆட்டத்துக்குச் சுமார் 18,000 என்று கணக்குக் காட்டினார்கள். அந்த நிலையில் பல கழகங்கள் அதில் பாதியைக்கூடக் கண்டதில்லை.

விலை கூடினால் மைதானம் காலியாகும் என்றும் சொல்ல முடியாது, பெரிய கழகங்களில் ஒருபோதும் ஆகாது. ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். இதைத்தான் விலை கூட்டுகிறவர்கள் பதிலாகச் சொல்கிறார்கள்: "பாருங்கள், எல்லா இருக்கையும் விற்றுத்தானே போகிறது?" கடைக்காரனாகச் சொல்கிறேன், இது பிழையான கணக்கு. ஒரு பொருள் இன்றைக்கு விற்றுப்போகிறது என்பதை மட்டும் பார்த்து விலை கூட்டுகிறவன், யார் வாங்குவதை நிறுத்தினார்கள் என்று பார்ப்பதில்லை. நிறுத்தினவன் வந்து சொல்லிவிட்டுப் போவதும் இல்லை. ஒருநாள் யோசித்துப் பார்த்தால், அவனைக் கண்டு ஆறு மாதமாகியிருக்கும்.

2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெட் பருவத்தின் நடுவில், கழக உறுப்பினர்கள் ஒரு ஆட்டத்துக்கு எடுக்கிற ரிக்கெற்றை 66 பவுண்ட்ஸ் ஆக்கியது. சிறுவருக்கும் அதே விலை, ஓய்வூதியக்காரருக்கும் அதே விலை. அதே வருடம் வெஸ்ட் ஹாமும் புதிதாக சீசன் ரிக்கெற் எடுப்பவர்களுக்குப் பல பகுதிகளில் சிறுவர், முதியவர் சலுகையை நிறுத்துவதாகச் சொல்ல, ரசிகர்கள் எதிர்த்து நின்றார்கள். வழமையாகச் சண்டை பிடிக்கிற கழகங்களின் ரசிகர்கள் இந்த விடயத்தில் ஒரே பதாகையைப் பிடிக்கிறார்கள். மற்ற விலையேற்றங்களைவிடச் சலுகையில் கை வைப்பதுதான் எனக்கு நெஞ்சில் குத்துகிறது. எட்டு வயதில் ஒரு பிள்ளை மைதானத்துக்கு வராவிட்டால் இருபத்தெட்டு வயதில் அதற்கு ஏக்கம் வராது. எண்பது வயதுக்காரர் வராவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பழைய கதை சொல்ல ஆளில்லை. இந்த இரண்டு பேருக்கும்தான் கையில் காசு இல்லை.

மைதானம் போன பிறகு எங்கள் தெருவில் சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமை மாதிரித்தான். இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள், 800க்கு மேல். பாலும் பாணும் விற்கிறது, அதனால் கடை நடக்கிறது. மாமா ஓய்வெடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் கடைக்கு வந்து, மிட்டாய்த் தட்டில் விலை ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போவார். இப்போது இருபது பென்ஸ். அதற்கே முகத்தைச் சுளிக்கிறார்.

நாங்கள் மூன்று பருவத்துக்குப் பிறகு சீசன் ரிக்கெற்றைப் புதுப்பிக்கவில்லை. கடைக்கு ஆள் வைக்க வேண்டிய செலவும் பயணமும் சேர்ந்து கட்டுப்படியாகவில்லை. அந்த எண்பது வயதுக்காரரும் இப்போது போவதில்லை, அவருக்குக் காசும் பிரச்சினை, முழங்காலும் பிரச்சினை. சனிக்கிழமை இரண்டே முக்காலுக்கு மிண்ட் வாங்க வருவார். நான் ஸ்டூலை எடுத்துப் போடுவேன். இரண்டு பேரும் ரேடியோ கேட்போம். வெஸ்ட் ஹாம் கோல் போட்டால் அவர் இப்போதும் ஒருதரம் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

மகளுக்கு இப்போது பத்தொன்பது. அவள் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியைப் பார்க்க சிநேகிதிகளோடு டாகன்ஹாம் போய்வருகிறாள். சின்ன மைதானம், வேலியோடு நின்று பார்க்கலாம், ஆட்டக்காரிகள் ஒருவரையொருவர் கூப்பிடுவது காதில் விழும் என்கிறாள். போன கிழமை அவளே மூன்று ரிக்கெற் எடுத்துவிட்டாள்: தனக்கு, எனக்கு, கடைக்கு வரும் அந்தத் தாத்தாவுக்கு. மூன்றுக்கும் சேர்த்துக் கொடுத்த காசு, ஸ்ட்ராட்போர்டில் ஒரு ஆண்கள் ஆட்டத்துக்குக் கொடுக்கிறதைவிடக் குறைவு. அவரிடம் சொன்னபோது, படிக்கட்டு எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஞாயிறு பின்னேரம் கடையைப் பார்க்க மச்சானைக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் இரண்டு மணித்தியாலம் பூட்டிவிட்டுப் போவேன்.